கடையில் ஓடியது, வீட்டில் திக்கியது

அதே கம்ப்யூட்டர்தான், அதே கேம்தான். கடை மேசையில் இருக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் திக்கித் திக்கி நிற்கிறது. நடுவில் என்ன நடந்திருக்கும்? அப்போது என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது, பேசாமல் விழித்திருப்பேன். திருப்புளி விழிக்கவில்லை. அவருக்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருப்புளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுவார்கள். அவர் ஸ்க்ரூ முடுக்கும் சின்னத் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பார். கல்யாணப் படத்தில்கூட அதன் மஞ்சள் பிடி எட்டிப் பார்க்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். எந்த கேம் விளையாட வேண்டும் என்று சொன்னால் போதும். அதற்கு ஏற்ற உதிரிகளை மொத்தச் சந்தையில் பார்த்து வாங்கி, அவரே பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பார்.

சந்தேகம் அவருடைய தொழில் கருவிகளில் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைவாக இருந்தால் "உள்ளே காத்துதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் நெருடி, ஒருமுறை பிரித்து ஒட்டியதா என்று கண்டுபிடிப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல்பு வாங்கினால்கூடக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் ஆட்டிப் பாத்திருப்பீங்க. எங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு, தப்பிச்சேன்" என்பார் அவர் மனைவி.

கடையில் இரண்டு பழக்கங்களை அவர் மாற்றியதே இல்லை. முதலாவது, துடைப்பது. வாங்குபவர் கேட்ட கேமைப் போட்டு முதல் கட்டம் முழுவதையும் பலமுறை ஓட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் டிஸ்க்கில் ஏறிய எல்லாவற்றையும் அடியோடு அழித்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றுவார். கேமின் முகப்புப் படம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து மூடிவிடுவார். ஏன் இந்த இரட்டை வேலை என்று கேட்டால், "இன்னொருத்தன் சாப்பிட்ட இலையிலயா விருந்து வைக்கறது?" என்பார்.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக அனுப்புவது. திரையில் படம் வரையும் அந்தக் கார்டுதான் பெட்டிக்குள் விலை கூடியது, கனமும் அதுதான். பூட்டியபடியே கொண்டுபோனால் வண்டி குலுங்குகிற குலுங்கலில் அதைச் செருகும் இடம் உடைந்துவிடும். அதனால் பெட்டி வண்டியின் பின்னால் போகும், கார்டு துண்டில் சுற்றி ஒருவர் மடியில் போகும். வீட்டில் இறங்கியபிறகு பூட்டுவார்கள்.

அந்த மடி அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. படிப்பு முடித்து வேறு வேலை அமையாமல் அக்கா வீட்டுக்கு வந்தவன், மாமாவின் கடையிலேயே ஒட்டிக்கொண்டான். கார்டை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்குது, யாரும் ஹாரன் அடிக்காதீங்க" என்று வண்டி ஓட்டுபவரிடம் சொல்வான். வாங்குபவர்களுக்கு மாமாவைவிட அவனைத்தான் பிடிக்கும்.

இப்படியே நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் புது கேம் வெளிவந்தது. மழையில் ஊறிய ஒரு பாழடைந்த நகரம், அதற்குள் டார்ச்சோடு நுழையும் ஒரு வேட்டைக்காரி. ஊரில் கேம் ஆடும் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது, அதற்காகவே புதுக் கம்ப்யூட்டரும் வேண்டியிருந்தது. திருப்புளிக்குத் தலை சொறிய நேரமில்லை.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"கடையில காட்டினப்ப நல்லா ஓடிச்சே. வீட்ல நாலடி நடந்தா ஒருதரம் நிக்குது."

"நிக்குதா?"

"உறைஞ்சு போயி, அப்புறம் குதிக்குது. கதவத் திறந்தா நிக்குது, சுட்டா நிக்குது. நீங்க காட்டினது இதே பெட்டிதானா?"

கடைசிக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. திருப்புளி பெட்டியை வரவழைத்து, கார்டைப் பூட்டி, கடை மேசையில் வைத்து டாக்டர் கண் முன்னாலேயே ஓட்டினார். ஒரு தடங்கலும் இல்லை. ஏற்கெனவே டாக்டர் வீட்டில் இரண்டு மூன்று நாள் ஆடிய கேம் அது. அந்த விஷயம் முக்கியம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் எதுவும் புரியாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரர், தன் மகளுக்காக வாங்கியவர். அவரும் அதையே சொன்னார். அவர் போனபிறகு திருப்புளி ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். கடையில் நன்றாக இருக்கிறது, வீட்டில் கெடுகிறது. அப்படியானால் கெடுவது வழியில். வழியில் பெட்டியைவிட்டுத் தனியாகப் போவது கார்டு ஒன்றுதான். கார்டு இருப்பது யார் மடியில்?

அந்த நினைப்பை அவர் உடனே உதறினார். ஆனால் சந்தேகம் செருப்பில் ஏறிய முள். நின்றால் தெரியாது, நடந்தால் குத்தும். மச்சினன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கு வெளியே போனால், யாரிடம் பேசுகிறான் என்று தோன்றியது. வழியில் டீ குடித்தோம் என்று சொன்னால், எந்தக் கடையில், ஏன் அங்கே என்று தோன்றியது. அவன் புதுச் சட்டை போட்டு வந்த அன்று மாமா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, அளவெடுக்கறீங்களா?"

"இல்ல மச்சான். நல்லாருக்கு. எப்ப வாங்கினது?"

"அக்கா குடுத்தது. நீங்களும் கூடத்தான் கடைக்கு வந்தீங்க."

வந்தது உண்மைதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் மொத்தச் சந்தைக்குப் போனபோது, வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். "என் மச்சினன் இந்தப் பக்கம் வந்து புதுக் கார்டு குடுத்துட்டு பழசு எதுவும் வாங்கிட்டுப் போனானா?"

"இல்லியே. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

மொத்தக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சும்மா கேட்பதற்கு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவரின் பெட்டி தயாரானது. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெட்டிக்குத் திருப்புளி ஒரு வேலை செய்தார். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, கார்டின் முதுகுப்பக்கம் ஒரு ஸ்க்ரூவின் தலையில் பொட்டு மாதிரி ஒரு துளி வைத்தார். வீட்டில் பொட்டு இருந்தால் அதே கார்டு. இல்லாவிட்டால் மாறிய கார்டு. காய்வதற்குள் மச்சினன் வந்துவிட்டான், துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் வீட்டில் கார்டைப் பூட்டும்போது மச்சினனின் விரலில் சிவப்பு ஒட்டியது. ரத்தமோ என்று முதலில் பயந்தான். முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையும் நிறமும் அவனுக்குத் தெரியும். அக்காவின் பிறந்தநாளுக்கு அவன் வாங்கிக் கொடுத்ததே அதுதான். மாமா எதற்காக அதை ஸ்க்ரூவில் வைத்தார் என்று புரிந்துகொள்ள அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அதே கடையில் வேலை கற்றவன்.

கடைக்குத் திரும்பி, கடைச் சாவியை மேசையில் வைத்தான்.

"நாளையிலேருந்து நீங்களே கொண்டு போங்க மாமா."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அவன் குனிந்து வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த திருப்புளிக்கு ஒரே ஒரு பழமொழிதான் நினைவுக்கு வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் நழுவுகிறான் என்றே முடிவு கட்டினார்.

தம்பி நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டு, பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தான். வீட்டில் மனைவி தட்டை நங்கென்று வைத்தார்.

"எந்தம்பிய என்னன்னு நினைச்சீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லியிருந்தா அவன் பதில் சொல்லிட்டுப் போயிருப்பான். நீங்க பொட்டுல்ல வச்சிருக்கீங்க."

மச்சினன் வேலை தேடிச் சந்தைக்குப் போனான். கார்டு, பெட்டி, ஒயர் எல்லாம் அத்துப்படியானவன். யாராவது உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். ஒரு கடையில், "பாத்துச் சொல்றோம்" என்றார்கள். அடுத்த கடையில் அவன் உள்ளே வந்ததும் ஒருவர் மேசைமேல் இருந்த கார்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சந்தையில் தன்னைப் பற்றி ஏதோ பேச்சு ஓடுகிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாமா மொத்தக்கடையில் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி, கடை கடையாகப் போகும்போது பதிலாக மாறியிருந்தது. கார்டு மாற்றுகிறவன் என்று பெயர் வந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரே தொழில். அந்தச் சந்தை கதவைச் சாத்தினால் அவனுக்கு வேறு சந்தை இல்லை.

இந்த நேரத்தில்தான் மாஸ்டர் கூப்பிட்டார். "உங்க வண்டி பிரேக் புடிச்சுப் புடிச்சுப் போகுதுங்க" என்றார். திருப்புளி அந்தப் பெட்டியையும் கார்டையும் கடைக்கு வரவழைத்தார். முதல் வேலையாகக் கார்டின் முதுகைப் பார்த்தார். சிவப்புப் பொட்டு லேசாகத் தேய்ந்து, அதே ஸ்க்ரூவில் இருந்தது.

அப்போதாவது மனம் இளகியிருக்க வேண்டும். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் வீட்டைக் காலி செய்யாது. ஸ்க்ரூவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருக்கும் சிப்பை மாற்றியிருப்பானோ என்று ஒரு யோசனை. அதனால் இம்முறை சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்ய நினைத்தார். வேறு ஒரு கார்டைச் சந்தையில் வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, கேமைப் பலமுறை ஓட்டினார். கடைசியில் வெண்ணெய்போல வழுக்கி ஓடியது. வழக்கம்போலத் துடைத்தார், புதிதாக ஏற்றினார். கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவர் வழியெல்லாம் துண்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

மாஸ்டர் வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரமாக மேசை. பக்கத்தில் போக்குவரத்துச் சின்னங்கள் வரைந்த ஒரு பலகை. திருப்புளி கார்டைப் பூட்டி, கேமைத் திறந்து, நாற்காலியை மாஸ்டருக்கு விட்டுக்கொடுத்தார். வேட்டைக்காரி நடந்தாள். இரும்புக் கதவைத் தள்ளினாள். திரை உறைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு குதித்து ஓடியது.

 கார்டு வேறு கைக்குப் போகவில்லை. வழியில் யாரும் டீ குடிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க. கடையில காட்டறதுக்கு ஒரு பெட்டி, வீட்டுக்குக் குடுக்கறதுக்கு ஒரு பெட்டின்னு வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் மாஸ்டர். சொல்லிக்கொண்டே ஆடியவர், டார்ச்சை ஏற்றினார்; உறைந்தது. ஏதோ ஒரு மிருகம் பாய்ந்தது, உறைந்தது, திரை உறைந்த அந்த நொடியில் வேட்டைக்காரி செத்தாள். கேம் மறுபடியும் இரும்புக் கதவிலிருந்து ஆரம்பித்தது. மாஸ்டர் தள்ளினார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. டார்ச்சும் உடனே எரிந்தது. மிருகம் பாய்ந்தபோதும் ஒரு தடங்கல் இல்லை.

"பாருங்க. நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னதும் நல்ல புள்ளையா நடிக்குது."

திருப்புளி திரைக்கு நெருங்கி வந்தார். "மறுபடியும் ஒருதரம் சாவுங்க."

"என்னது?"

"உங்களச் சொல்லல. அந்தம்மாவ."

மாஸ்டர் செத்துக் காட்டினார். கதவு, டார்ச், மிருகம், எல்லாம் சுத்தம்.

"இப்ப இதுவரைக்கும் போகாத இடத்துக்குப் போங்க."

வேட்டைக்காரி ஒரு படிக்கட்டில் இறங்கினாள். கீழே தண்ணீர். தண்ணீரைக் கண்டதும் திரை உறைந்தது.

"ஏறி, திரும்ப இறங்குங்க."

ஏறி இறங்கினாள். தண்ணீர் நின்று நிதானமாக அலையடித்தது.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அட, இது நம்ம பயிற்சிக்கு வர்ற ஆளுங்க கணக்கா இருக்கு. புது வளைவு வந்தா வண்டிய நிறுத்தி யோசிப்பாங்க. அதே வளைவுல அடுத்த ரவுண்டு ஜம்முனு போவாங்க. முதல் தடவதான் தடுமாற்றம்."

முதல் தடவை. திருப்புளி அங்கேயே தரையில் உட்கார்ந்து தொலைபேசியில் தேடினார். அந்த கேமை வாங்கிய ஆட்கள் எங்கெங்கிருந்தோ அதே புலம்பலைப் புலம்பியிருந்தார்கள். புது கேம்களில் நெருப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, துருப்பிடித்த இரும்புக்கு ஒன்று என்று, எதை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஷேடர் என்பார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவற்றைத் தன் கார்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். கேம் செய்தவர்கள் அந்த வேலையை ஆரம்பத்திலேயே முடிக்க வைத்திருக்கலாம். அவசரமாக வெளியிட்டதால் அப்படிச் செய்யவில்லை. அதனால் ஒரு பொருள் முதல்முறை கண்ணில் படும்போதுதான் கம்ப்யூட்டர் நின்று அதற்கான குறிப்பைத் தயாரிக்கிறது. தயாரித்ததை டிஸ்க்கில் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு திக்காது.

கடையில் அவர் பலமுறை ஓட்டியபோது, முதல் சுற்றின் திக்கலைப் புது மிஷின் சூடேறும் தயக்கம் என்று எண்ணி விட்டுவிட்டார். அடுத்தடுத்த சுற்றுகளில் எல்லாம் தயாராகி, சேமிப்பாகி, வெண்ணெயாக ஓடியது. அதன்பிறகு இலையைத் துடைப்பதுபோல டிஸ்க்கைத் துடைத்தார். கம்ப்யூட்டர் பாடுபட்டுக் கற்றதையெல்லாம் அவரே அழித்து, மறந்த பெட்டியை வீட்டுக்கு அனுப்பினார். பழைய கேம்களில் இந்தக் குறிப்புகள் கொஞ்சம்தான் என்பதால் இத்தனை காலம் வெளியே தெரியவில்லை.

திருடனைத் தேடிய ஒவ்வொரு நாளும் வழியில் ஒன்றுமே நடக்கவில்லை. நடந்தது எல்லாம் அவர் மேசையில், அவர் கையால், அவர் பெருமையாக நினைத்த ஒரு பழக்கத்தால்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் எப்பவாவது அவன சந்தேகப்பட்டேனா? யாருகிட்ட போய்க் கேட்டீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

போனார். மொத்தக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். ஷேடர், சேமிப்பு, துடைப்பு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நீங்க சொன்னா சரிதான். மச்சினன் இல்லியா, நீங்க விட்டுக்குடுக்க முடியுமா?"

திருப்புளிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சும்மா கேட்ட கேள்வியை நம்பிய சந்தை, இப்போது அவர் சத்தியம் செய்து சொல்வதை நம்பவில்லை.

மச்சினன் ஒரு நண்பனின் அறையில் தங்கியிருந்தான். மாமா வாசலில் நின்று, தான் நினைத்தது, கேட்டது, தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவன் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே மாமா. முகத்துக்கு நேரா, எடுத்தியாடான்னு கேட்டிருந்தா ரெண்டு நாள் கோபமா இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

"தப்புதான் மச்சான்."

"தப்புன்னு நீங்க எனக்குச் சொல்றீங்க. அந்தச் சந்தைக்கு யாரு சொல்றது?"

"சொன்னேன். நம்பல."

"நம்ப மாட்டாங்க. நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

 திருப்புளி தன்னையே அந்த மொத்தக்கடைக்காரர் இடத்தில் வைத்துப் பார்த்தார். நம்பியிருக்க மாட்டார். ஒட்டுத்தாளை நகத்தால் நெருடியிருப்பார். சொன்னால் நம்பாதவர்களுக்குக் காட்டத்தான் வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் ஒரு பெட்டியை அங்கேயே தூக்கிக்கொண்டு போனார். மொத்தக்கடையின் முன்னால் மேசை போட்டு, மொத்தக்கடைக்காரரையே தன் கையால் ஒரு கார்டை எடுத்துப் பூட்டச் சொன்னார். தான் பெட்டிமேல் விரல்கூட வைக்கவில்லை. கேம் ஓடியது, கதவில் திக்கியது. மறுபடி ஓடியது, திக்கவில்லை. பிறகு டிஸ்க்கைத் துடைத்து மறுபடியும் ஏற்றச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் திரைக்கு நெருங்கினார்கள். கதவு மறுபடியும் திக்கியது.

"இப்ப சொல்லுங்க. கார்ட மாத்தினது யாரு?" என்று கேட்டார் திருப்புளி.

 மொத்தக்கடைக்காரர், "நாந்தான் பூட்டினேன். அப்ப நாந்தான் திருடன்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே மச்சினனைக் கூப்பிட்டுத் தன் கடையில் வேலை கொடுத்தார்.

அவன் மாமா கடைக்குத் திரும்பி வரவில்லை. அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறான். மாமா கேட்டதற்குப் பதில் சொல்கிறான், தானாக எதுவும் பேசுவதில்லை. திருப்புளி இப்போது எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும், "முதல் தடவ எல்லா இடத்துலயும் கொஞ்சம் திக்கும், அது கேம் பண்ணினவங்க அவசரம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். துடைப்பதை விட்டுவிட்டார்.

அன்று மொத்தக்கடை முன்னால் நின்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சந்தையின் அந்தக் கோடியில் இருக்கும் கடைகளில் அவன் நுழைந்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் கார்டை எடுத்து உள்ளே வைக்கிறார். சந்தேகம் போய்ச் சேர்ந்த இடங்கள் எவை என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் இதைப் படித்த நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். புதுக் கம்ப்யூட்டர் திக்குகிறது என்று யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பவராக அவர் இருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். கதை ஒவ்வொருவராகத் தாண்டி அந்தக் கோடிக் கடைக்கும் ஒருநாள் போய்ச் சேரட்டும்.